மூன்று முறை "கோ அரவுண்ட்" சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்றால் கோ-பைலட் என்ன செய்ய வேண்டும்?

கேள்விநாயகம் எழுதியது:

2010 மே 22 மங்களூர் விபத்து பற்றிய விசாரணை அறிக்கையை இரண்டு நாளாக உட்கார்ந்து படித்து முடித்தேன். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. மொத்தம் 166 பேர், தப்பியவர்கள் 8 பேர்.

என்னை உறுத்துவது ஒன்றுதான். விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மிக மேலே இருந்தது. ஓடுபாதை தொடங்கும் இடத்தை 50 அடியில் கடக்க வேண்டிய விமானம் ஏறத்தாழ 200 அடியில் கடந்திருக்கிறது, வேகமும் அதிகம். "சிங்க் ரேட்" (வேகமாக இறங்குகிறாய்), "புல் அப்" (மேலே இழு) என்று கருவி கத்துகிறது. வலது இருக்கையில் இருந்த கோ-பைலட் மூன்று முறை கோ அரவுண்ட் போகச் சொல்கிறார். (தெரியாதவர்களுக்கு: கோ அரவுண்ட் என்றால் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது.) கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. இனி ஓடுபாதை மிச்சமில்லை என்று கோ-பைலட் சொன்னது வரை பதிவாகியிருக்கிறது.

அவருக்கு எதிரிலும் அதே கட்டுப்பாடுகள் இருந்தன. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்காமல் இழுத்து மேலே ஏற்றியிருக்கலாமே? விதி என்ன சொல்கிறது? விமானத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

மெரினா_காத்து எழுதியது:

இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆசியக் கலாசாரம். பெரியவர் தப்புப் பண்ணினால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். 1997-இல் கொரியன் ஏர் விமானம் குவாமில் மலையில் மோதியதே, 228 பேர் போனார்கள். அங்கேயும் இதே கதைதான். மழை ஜாஸ்தியா இருக்கே என்கிற ரீதியில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மோதுவதற்குச் சில விநாடி முன்னால்தான் இறங்க வேண்டாம் என்று வாயைத் திறந்தார்கள்.

நெல்லை_செல்வி எழுதியது:

கலாசாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் வசதிதான். ஆனால் 1977 மார்ச் 27, டெனரீஃப். கேஎல்எம், பான் ஆம் என்ற இரண்டு நிறுவனங்களின் 747 ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர். இன்றுவரை விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து கிடையாது. மோதிய கேஎல்எம் விமானத்தை ஓட்டியவர்கள் டச்சுக்காரர்கள். கேப்டன் அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு 747 ஓட்டத் தகுதி உண்டா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான், அதுவும் விபத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு.

அந்த கோ-பைலட் சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேப்டன் முதல் தடவை த்ராட்டிலைத் தள்ளியபோது, நமக்கு இன்னும் கிளியரன்ஸ் (கட்டுப்பாட்டு அறையின் அனுமதி) வரவில்லை என்று நிறுத்தினார். கேப்டனும் நிறுத்தினார். இரண்டாம் தடவை, இவர் ரேடியோவில் வழித்தடத்துக்கான கிளியரன்ஸைத் (அது கிளம்ப அனுமதி இல்லை) திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் கிளம்பிவிட்டார். இவர் மறுபடி தடுக்கவில்லை. பின்னால் இருந்த ஃபிளைட் எஞ்சினியர், அந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார்.

ஒரே நிமிடத்தில் ஒரு மூத்தவரை இரண்டு முறை திருத்துவது யாருக்குமே கஷ்டம். அதற்குக் கொரியாவும் வேண்டாம், திருநெல்வேலியும் வேண்டாம்.

1982 ஜனவரி 13, வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா 90 பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதியது. இரண்டு பேரும் அமெரிக்கர்கள். பனியில் எஞ்சின் உணரி அடைத்துக்கொண்டு தப்பான அளவு காட்டியது. ஓடுபாதையில் ஓடும்போதே, இது சரியாகத் தெரியவில்லை என்று கோ-பைலட் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னார். கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்றார். இதில் கொடுமை என்னவென்றால், அந்த டேக்-ஆஃபை ஓட்டிக்கொண்டிருந்ததே கோ-பைலட்தான். கட்டுப்பாடு அவர் கையில், சந்தேகம் அவர் மனதில். ஆனால் நிறுத்தும் முடிவு கேப்டனுடையது என்பதால் தொடர்ந்து ஓட்டினார். 78 பேர்.

வலதுஇருக்கை எழுதியது:

நான் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது கோ-பைலட்டாக, ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். எந்த நிறுவனம் என்று வேண்டாம்.

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர். கேப்டன்தான் எப்போதும் ஓட்டுவார் என்பதில்லை, மாறி மாறி ஓட்டுவோம். கண்காணிப்பவருடைய வேலை வேடிக்கை பார்ப்பது இல்லை. வேகம், உயரம், கீழிறங்கும் வீதம், ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்பக்கம் விரியும் மடிப்புகள்) எதுவாவது வரம்பு தாண்டினால் அதைப் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

இறங்கும்போது இதற்கென்று வாசல்கள் உண்டு. மேகமூட்டம் என்றால் தரைக்கு 1,000 அடி மேலே, வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடி. பல நிறுவனங்களில் எப்போதுமே 1,000 அடிதான். அந்த உயரத்தில் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், ஃபிளாப்ஸ் கடைசி நிலையில், வேகம் வரம்புக்குள், பாதை சரியாக, இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குள். இதில் ஒன்று குறைந்தாலும் "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்". விவாதம் கிடையாது. சாதாரணமாக நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்குவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 500 அடியிலிருந்து தரை முக்கால் நிமிடம்கூட இல்லை. பேசித் தீர்க்கிற நேரம் அது இல்லை.

கேப்டன் பதில் சொல்லாவிட்டால்? சிமுலேட்டரில் இதை வைத்தே சோதிப்பார்கள். பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் கேப்டனிடம் காதில் ஏதோ சொல்லிவிடுவார். எல்லாம் ஒழுங்காகப் போகும். 1,000 அடியில் நான் அழைப்பேன், பதில் வராது. இன்னொரு தடவை அழைப்பேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், கை ஸ்டிக்கில் இருக்கும். அசைவும் இல்லை, பேச்சும் இல்லை. வேகம் மெல்ல மெல்லக் குறையும். இரண்டு அழைப்புக்குப் பதில் இல்லை என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் மூன்றாவதாகவும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மனசு அப்படித்தான் போகும், ஏனென்றால் ஆள் முழித்துக்கொண்டுதானே இருக்கிறார்!

உண்மையிலும் நடக்கிறது. 2015-இல் பீனிக்ஸிலிருந்து பாஸ்டன் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் கேப்டன் நடுவானில் இறந்தார். கோ-பைலட் சிரக்யூஸில் இறக்கினார். 2024 அக்டோபரில் துருக்கி விமானம் ஒன்று இதே போல் நியூயார்க்கில் இறங்கியது.

கேள்விநாயகம் எழுதியது:

நன்றி தம்பி. ஆனால் மங்களூரில் கேப்டன் மயங்கிக் கிடக்கவில்லையே. அவர் பேசிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும்தானே இருந்தார்? உங்கள் இரண்டு அழைப்பு விதி அங்கே எப்படிப் பொருந்தும்?

பழைய_கேப்டன் எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நான் இடது இருக்கையிலும் பயிற்சியாளர் இருக்கையிலும் நிறைய வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன்.

பதில் சொல்லாத கேப்டனைச் சமாளிக்க நாம் நன்றாகவே பயிற்சி கொடுத்திருக்கிறோம். பதில் சொல்லிக்கொண்டே தப்பாக ஓட்டுகிற கேப்டனைச் சமாளிக்க? அங்கேதான் ஓட்டை. மயங்கியவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முழு நினைவோடு, "சரி சரி, பண்ணிக்கிட்டிருக்கேன்" என்கிறவரிடமிருந்து எடுப்பது வேறு விஷயம்.

மூன்று விபத்துகளை வரிசையாக வையுங்கள். 2007 மார்ச் 7, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா, கருடா 200. மிதமிஞ்சிய வேகம், கருவி எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. கோ-பைலட் கோ அரவுண்ட் என்றார். கேப்டன் இறக்கினார். 21 பேர். அடுத்தது 2010 மங்களூர். அப்புறம் 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. மழை, பின்காற்று, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித் தரை தொட்டது. இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேர்.

மூன்றுமே போயிங் 737. மூன்றிலும் கோ-பைலட் வாய் திறந்தார். மூன்றிலும் "கோ அரவுண்ட்" என்ற சொல் பதிவாகியிருக்கிறது. மூன்றிலும் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. எனவே "பேசத் தயங்கினார்கள்" என்று எல்லாரும் பாடுகிற பாட்டு இந்த மூன்றுக்கும் பாதிதான் பொருந்தும். கோழிக்கோடு அறிக்கை, விபத்துக்குக் காரணமாகக் கேப்டன் விதியை மீறியதைச் சொல்லிவிட்டு, கண்காணிக்கும் விமானி கட்டுப்பாட்டை எடுத்துக் கோ அரவுண்ட் செய்யத் தவறியதையும் அதே வாக்கியத்தில் சேர்த்தே எழுதியிருக்கிறது.

தர்க்கம் எழுதியது:

மன்னிக்கணும், எனக்கு இது ஏற்கவில்லை. தரைக்கு முப்பது அடி மேலே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இல் அதுதானே நடந்தது? இடது பக்கத்தில் இருந்தவர் கட்டுப்பாடு என்னிடம் என்றார், வலது பக்கத்தில் இருந்தவர் சொல்லாமலேயே திரும்பவும் இழுக்க ஆரம்பித்தார். 228 பேர். கோ-பைலட்டுக்கு "சந்தேகம் வந்தால் பிடுங்கு" என்று சொல்லிக்கொடுத்தால் வருஷத்துக்கு ஒரு விபத்தைத் தடுத்துவிட்டு இரண்டைப் புதிதாக உண்டாக்குவோம். ஒரே கமாண்டர் என்ற ஏற்பாடு காரணமில்லாமல் வந்ததில்லை.

வலதுஇருக்கை எழுதியது:

தர்க்கம் அண்ணா, பயம் நியாயமானது. ஆனால் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள்.

முதலில் எந்திரம். போயிங்கில் இரண்டு யோக்கும் (விமானியின் முன் இருக்கும் கட்டுப்பாட்டுப் பிடி) இணைந்திருக்கும், ஒருவர் இழுத்தால் மற்றவர் கையில் தெரியும். ஏர்பஸ்ஸில் சைட் ஸ்டிக்குகள் இணையவில்லை. இரண்டு பேரும் அசைத்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக்கொள்ளும், "டூயல் இன்புட்" என்று குரல் வரும். அதனால்தான் ஸ்டிக்கில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் அடுத்தவர் ஸ்டிக் செயலிழக்கும், "பிரயாரிட்டி ரைட்" என்று குரல் சொல்லும். 447-இல் குழப்பம் வந்தது எடுத்ததால் இல்லை. எடுத்ததை நிலைநாட்டாததால்.

இரண்டாவது, இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதற்காக எடுக்கிறோம் என்று பாருங்கள். கோ அரவுண்டுக்காக எடுத்து அது தேவையில்லாத கோ அரவுண்டாக இருந்தால் நஷ்டம் என்ன? கொஞ்சம் எரிபொருள், பத்துப் பதினைந்து நிமிடம், கேப்டனுடைய முறைப்பு. எடுக்காமல் விட்டு அது தேவையான கோ அரவுண்டாக இருந்தால்? எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் இறங்கும்போது என் தயக்கத்தின் அளவு மிகக் குறைவாக இருக்கலாம். அதே தர்க்கத்தில் டேக்-ஆஃபில் நிலைமை தலைகீழ். வேகம் எடுத்த பிறகு நிறுத்துவதே ஆபத்து. வி1 வேகம் தாண்டினால் எஞ்சின் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்களில் டேக்-ஆஃபைக் கைவிடும் முடிவு கேப்டனுக்கு மட்டும். நான் பார்த்ததைச் சத்தமாகச் சொல்வேன், கையை வைக்க மாட்டேன். நான் எடுத்து நானே இறக்குகிறேன் என்பதும் வேறு கதை, அது அவர் மயங்கினால் மட்டும்.

ஆக "எப்போது தலையிடலாம்" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பக்கம் தப்பினால் மீள முடியும் என்பதைப் பொறுத்தது.

தர்க்கம் எழுதியது:

இந்தப் பிரிப்பு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி ஐம்பது அடியில் எடுப்பதை இன்னும் ஏற்கவில்லை.

மெரினா_காத்து எழுதியது:

சரி, கலாசாரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் செல்வி மேடம். பணத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா? வலது இருக்கையில் இருக்கும் பையன் லைசென்சுக்கும் டைப் ரேட்டிங்குக்கும் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) பல லட்சம் கடன் வாங்கியவன். அப்பா வீட்டை அடமானம் வைத்திருப்பார். நாளைக்குக் கேப்டன் ஆவதற்கு இதே ஆட்கள் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு சிவப்புப் பொத்தானைப் பற்றிப் பேசி என்ன பயன்?

வலதுஇருக்கை எழுதியது:

ஆமாம், அது இல்லை என்று சொன்னால் பொய். யாரோடு பறக்கப்போகிறோம் என்று ரோஸ்டரில் பெயர் பார்த்தவுடனே வயிற்றைப் பிசைகிற ஆட்கள் எல்லாக் கம்பெனியிலும் இரண்டு மூன்று பேர் உண்டு.

ஆனால் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. விமானத்தின் பறப்புத் தரவு முழுவதும் தரையில் பார்க்கப்படுகிறது. 1,000 அடியில் நிலையில்லாமல் இருந்தும் இறங்கினால் அது தானாகவே கொடிகட்டி வந்துவிடும், இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். கோ அரவுண்ட் போனால் பல நிறுவனங்களில் விளக்கம் கேட்டுத் துளைப்பதில்லை. ஒரு மழைக்கால மாலை, தென்னிந்திய விமான நிலையம் ஒன்றில் இறங்குகிறோம். பின்காற்று, கேப்டன் ஓட்டுகிறார். "ஸ்பீட்" என்றேன். "செக்ட்" என்றார், குறையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், "வருது வருது" என்றார். 1,000 அடி வந்தது, வேகம் வரம்புக்கு 15 நாட் மேலே. "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்றேன். அரை விநாடி என்னைப் பார்த்தார், த்ரஸ்ட் லீவரை முன்னால் தள்ளினார். மேலே போய்ச் சுற்றி வரும் வரை வேலைப் பேச்சு தவிர ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தடவை அழகாக இறக்கினார். தரவு வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தைரியத்தில் பாதி அந்தத் தரவைப் பதிவு செய்யும் பெட்டியுடையது.

நெல்லை_செல்வி எழுதியது:

எப்படிச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா? நீங்கள் "வரம்பு மீறிவிட்டது, கோ அரவுண்ட்" என்றீர்கள். கோழிக்கோட்டில் கோ-பைலட் ஏதோ சரியில்லை என்பதை முன்கூட்டியே கவனித்திருக்கிறார். அப்போது அவர் சொன்னது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற அளவில்தான். எண் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கோ அரவுண்ட் என்ற சொல் வந்தது தரை தொடுவதற்குச் சற்று முன்னால்.

1978 டிசம்பர் 28, போர்ட்லாந்தில் யுனைடெட் 173-இலும் இதுதான். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் ஜாடைமாடையாகச் சொன்னார்கள். "இன்னும் இத்தனை நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிடும், இப்போதே இறங்க வேண்டும்" என்று யாரும் சொல்லவில்லை. தீர்ந்தது, புறநகரில் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். விமானக் குழுவுக்குத் துணிந்து பேசும் பயிற்சி வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது அதற்குப் பிறகுதான். 1981-இல் அதே யுனைடெட் முதலில் ஆரம்பித்தது.

கப்பல்காரன் எழுதியது:

உங்கள் பயிற்சியை அப்படியே எடுத்துத்தான் கப்பலில் எங்களுக்கும் கொடுக்கிறார்கள். தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். எங்களுக்கு உங்களைப் போல முக்கால் நிமிடம் இல்லை, பத்து நிமிடம், இருபது நிமிடம் இருக்கும். ஆனாலும் பேச மாட்டார்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கரைக்கு அருகே போய்ப் பாறையில் அடித்தபோது பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறை) கேப்டனோடு அதிகாரிகள் பலர் இருந்தார்கள். 32 பேர் செத்தார்கள். நேரம் இருந்தால் தைரியம் வரும் என்று நினைக்காதீர்கள். நேரம் இருந்தால் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்ற சாக்குதான் வரும்.

என் கேள்வி கேப்டன் சாருக்கு. எல்லாப் பாரத்தையும் சின்னவன் தலையில் வைக்கிறோமே, பெரியவர் என்ன செய்ய வேண்டும்?

பழைய_கேப்டன் எழுதியது:

நியாயமான கேள்வி. அமெரிக்க வாரியம் 1994-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1978 முதல் 1990 வரை, விமானக் குழுவின் தவறு காரணமான 37 பெரிய விபத்துகள். 31-இல் கண்காணிப்பதிலோ தடுத்துக் கேட்பதிலோ குறை இருந்தது. 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டிக்கொண்டிருந்தவர் கேப்டன். அனுபவம் குறைந்தவர் ஓட்டும்போது விபத்து குறைவு! காரணம் எளிது. சின்னவர் ஓட்டினால் பெரியவர் தயங்காமல் திருத்துவார். பெரியவர் ஓட்டினால் திருத்த ஆளில்லை.

அதனால் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் பிரீஃபிங்கில் ஒரு சம்பிரதாய வாக்கியம் உண்டு, "ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று. அது காற்றோடு போகும். நான் எண்ணோடு சொல்வேன். "1,000 அடியில் நான் நிலையாக இல்லை என்றால் நீ கோ அரவுண்ட் என்பாய். நான் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்வாய். அப்பவும் ஏறவில்லை என்றால் நீ எடுக்கிறாய். இப்போதே அனுமதி கொடுத்துவிட்டேன், அப்போது கேட்டுக்கொண்டிருக்காதே." தரையில் நல்ல புத்தியோடு இருக்கும் நான், 1,000 அடியில் பிடிவாதத்தோடு இருக்கப்போகும் எனக்கு எதிராகக் கொடுத்து வைக்கும் அதிகாரம் அது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2010 ஜூலை 28, இஸ்லாமாபாத், ஏர்புளூ 202, மார்கல்லா மலை, 152 பேர். பயணத்தின் தொடக்கத்திலேயே கேப்டன் கோ-பைலட்டைக் கடுமையாக மட்டம் தட்டினார் என்று விசாரணை சொன்னது. அந்தப் பையன் அதற்குப் பிறகு சுருங்கிவிட்டார். கடைசியில் திரும்புங்கள் சார், மேலே இழுங்கள் சார் என்று கெஞ்சும் நிலை வந்தது. கையை வைக்கவில்லை. அவர் கையைக் கட்டியது மலை தெரிந்த அந்த நேரத்தில் இல்லை, ஒரு மணி நேரம் முன்னாலேயே கட்டியாயிற்று.

கேள்விநாயகம் எழுதியது:

இதைப் படித்ததும் மங்களூரை மறுபடி யோசிக்கிறேன். அங்கே கட்டியது எப்போது?

பழைய_கேப்டன் எழுதியது:

பதிவுக் கருவியில் இருப்பது கடைசி இரண்டு மணி நேரம். அதில் முதல் 1 மணி 40 நிமிடம் போல கேப்டன் தூங்கியிருக்கிறார். குறட்டை பதிவாகியிருக்கிறது. ஆழ்ந்து தூங்கி எழுந்தவனுக்கு மூளை உடனே ஓடாது, கண் மட்டும்தான் முழித்திருக்கும். விடியற்காலை வேறு. மங்களூர் ரேடார் அன்று பழுது, அதனால் கீழிறங்க அனுமதி தாமதமாகக் கிடைத்தது. அப்போதே உயரம் மிச்சம். அதைக் குறைக்க 8,500 அடியிலேயே சக்கரத்தை இறக்கி, ஸ்பீட் பிரேக்கைத் தூக்கி, செங்குத்தாக இறங்கினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால் ஐஎல்எஸ்-இன் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞை) பொய்யான சறுக்குப் பாதையில் சிக்கினார்கள்.

அங்கே பேசியிருக்க வேண்டும். தரையிலிருந்து பல மைல் தூரத்தில், கருவி கத்துவதற்கு வெகு முன்னால். "கேப்டன், உயரம் மூவாயிரம் அடி அதிகம், ஒரு சுற்றுச் சுற்றி இறங்கலாம்." அப்போது அது சண்டை இல்லை, ஆலோசனை. கேப்டனுக்கும் தோற்ற மாதிரி இருக்காது. அந்த இடத்தை விட்டுவிட்டால் அடுத்த வாசல் 1,000 அடி. அதையும் விட்டால் 500. அதற்கப்புறம் ஒவ்வொரு விநாடியும் உங்கள் கையில் இருக்கும் வழி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போகும். தரை தொட்டு ரிவர்சர் (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) திறந்துவிட்டால் கதவு மூடியாயிற்று, அதற்கு மேல் பறக்க நினைக்கக் கூடாது. மங்களூரில் கேப்டன் அதைத்தான் செய்தார். ரிவர்சர் போட்ட பிறகு மறுபடி மேலே ஏற முயன்றார். ஓடுபாதை முடிந்து, வலது இறக்கை ஆன்டெனா தாங்கியில் அடித்து, விமானம் பள்ளத்தில் போனது.

அதனால் தர்க்கம் சொன்ன ஐம்பது அடி விஷயத்தில் நான் அவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். 1,000-க்கும் 200-க்கும் நடுவில் எடு. ஐம்பதுக்குக் கீழே சத்தம் போடு, கை வைக்காதே.

வலதுஇருக்கை எழுதியது:

இதில் மட்டும் ஒத்துப்போக முடியாது சார். கோழிக்கோட்டில் விமானம் தரை தொடாமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. உயரம் ஐம்பதுக்கும் கீழே. வேகம் இருந்தது, எஞ்சின் இருந்தது, ரிவர்சர் திறக்கவில்லை. ரிவர்சர் போடும் வரை கோ அரவுண்ட் செய்யலாம் என்று எங்கள் புத்தகமே சொல்கிறது. சக்கரம் பட்டுத் திரும்ப ஏறுவதைக்கூட சிமுலேட்டரில் பழகுகிறோம். அந்த நிலையில் ஐம்பது அடி என்று கோடு போட்டால் கோழிக்கோட்டுப் பையனுக்கு நீங்கள் கொடுக்கிற விடை "சத்தம் போடு" என்பதுதான். அவர் அதைச் செய்துவிட்டாரே.

தர்க்கம் எழுதியது:

ரிவர்சர்தான் கோடு, உயரம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கேப்டன் தரை தொட்டதும் ரிவர்சரை இழுக்கப் போகும் அதே நொடியில் நீங்கள் த்ரஸ்ட்டைத் தள்ளினால்?

வலதுஇருக்கை எழுதியது:

அதற்குத்தான் கை மட்டும் போதாது, "ஐ ஹேவ் கன்ட்ரோல், கோ அரவுண்ட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தள்ள வேண்டும். அதைக் கேட்டதும் கேப்டன் கையை விட வேண்டும். விடுவாரா என்பது பழைய கேப்டன் சார் சொன்ன பிரீஃபிங்கில் முடிவாகியிருக்க வேண்டும். எனக்கு அடுத்த மாதம் சிமுலேட்டர் இருக்கிறது. மிதந்துகொண்டே போகும் இறக்கத்தில், முழித்திருக்கும் கேப்டனிடமிருந்து எடுப்பதை ஒரு தடவை வைக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேட்கப்போகிறேன். பாடத்திட்டத்தில் அது இல்லை.

பழைய_கேப்டன் எழுதியது:

கேள். கேப்டனாக உட்காருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் வைக்கச் சொல். அவர் விடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.